படிக்கவொட்டா ஆணைக்கு முப்பது நாள் கெடுவா?

கதவு திறந்திருக்கின்றது, வருக என்று ஒருவன் அழைக்கின்றான். அழைத்தவனே வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே வருவோர் தமக்குத் தெரியாத மொழியில்தான் பேசுதல் வேண்டும் என்றும், அம்மொழியில் எழுதிய முறையீட்டைத்தான் நீட்டுதல் வேண்டும் என்றும், அதனையும் முப்பது நாளுக்குள் நீட்டாவிடின் திரும்பிப் போதல் வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றான். அத்தகைய கதவு திறந்திருந்தால் என்ன? அடைத்திருந்தால் என்ன? தமிழ்நாட்டு உழவனுக்கும் மீனவனுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவு திறந்திருப்பது இவ்வாறுதான்.

ஓர் ஆலையோ, அணையோ, துறைமுகமோ, கனிமக் குழியோ எழுவதற்கு முன், அது நிலத்துக்கும் நீருக்கும் மாந்தர்க்கும் என்ன செய்யும் என்று ஆராய்ந்து அரசு வழங்குகின்ற ஒப்புதலே சுற்றுச்சூழல் இசைவு ஆகும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் காப்புச் சட்டத்தின் கீழ், 2006 செப்தம்பர் 14-ஆம் நாள் வெளியிடப்பெற்ற அறிவிக்கையே இதற்கு அடிப்படை. பெருந்திட்டங்களுக்குத் தில்லி அமைச்சகமும், ஏனையவற்றுக்கு மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையமும் இவ்விசைவை வழங்குகின்றன. வழங்கப்பெற்ற இசைவு தவறானது என்று கருதுவோர் முறையிடுவதற்கென 2010-ஆம் ஆண்டில் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பெற்று, ‘தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்’ எனும் பெயரால் ஓர் அமைப்பு நிறுவப்பெற்றது. தில்லி, போபால், பூனா, கொல்கத்தா, சென்னை ஆகிய ஐந்து இடங்களில் அதன் அமர்வுகள் உள்ளன. சட்டம் கற்ற நடுவரும், சூழலியல் கற்ற வல்லுநரும் ஒருங்கமர்ந்து அங்கு வழக்குக் கேட்கின்றனர்.

இச்சட்டத்தின் உள்ளடக்கம் பழிக்கத்தக்கதன்று. பாதிப்புற்ற எவரும் முறையிடலாம். அவர்தம் சார்பில் ஓர் அமைப்பும் முறையிடலாம். இழப்பீடு கேளாத முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 உருவாதான். உரிமையியல் வழக்கு நடைமுறைச் சட்டத்தின் சிக்கல்கள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தா. இயற்கை அறநெறிகளே அதனை வழிநடத்தும் என்று 19-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயினும், 16-ஆம் பிரிவு ஒரு மதிற்சுவரை எழுப்பி வைத்துள்ளது. இசைவாணை தெரிவிக்கப்பெற்ற நாளிலிருந்து முப்பது நாளுக்குள் முறையிடுதல் வேண்டும். தக்க கரணியம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரை பொறுக்கலாம். தொண்ணூறு நாள் கடந்தால், தொண்ணூற்றோராம் நாள் வந்து நிற்பவன் பக்கம் எவ்வளவு அறம் இருப்பினும் தீர்ப்பாயத்தால் அவனை ஏற்க இயலாது. சட்டத்தின் நெஞ்சில் குறையில்லை; குறை அதன் நாவில் இருக்கின்றது.

அந்நாவு எத்தகையது என்பதை ஓர் ஊரின் நிலையிலிருந்து பார்த்தல் வேண்டும். திட்டம் கொணர்வோர் உருவாக்கும் மதிப்பீட்டு அறிக்கை பல நூறு பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். மக்களின் மொழியில் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டுமே. முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாவட்ட ஆட்சியரோ அவர்சார்பில் வருபவரோ தலைமை தாங்க, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். அங்கு மக்கள் தமிழில் பேசுவர். பேச்சுகளின் தொகுப்பு அவர்தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் அணியமாக்கப்பெறும். அத்துடன் தமிழின் வேலை முடிந்தது! அதன்பின் வல்லுநர் குழு ஆய்வதும் ஆங்கிலத்தில். அக்குழுவின் குறிப்பும் ஆங்கிலத்தில். இசைவாணையும் அதில் விதிக்கப்பெறும் கட்டுப்பாடுகளும் ஆங்கிலத்தில். “இன்ன திட்டத்துக்கு இசைவு வழங்கப்பெற்றுள்ளது” எனும் செய்தி மட்டும் ஒரு தமிழ் நாளிதழின் மூலையில் சில வரிகளாக வெளிவரும். ஆணை பிறந்தது என்று சொல்வதற்குத் தமிழ் வேண்டும். ஆணையில் என்ன உள்ளது என்று சொல்வதற்குத் தமிழ் வேண்டா!

கட்டடங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்கு இசைவு தேவை என்று கூறிய அதே 2006 அறிவிக்கை, அவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டுவதில்லை என விலக்களித்துள்ளது. ஏரிக்கரையில் எழும் அடுக்ககத்தைப் பற்றி அவ்வூரார் சொல்லக்கூடிய முதற்சொல்லே தீர்ப்பாயத்தில் சொல்லும் சொல்லாக இருத்தல் வேண்டியுள்ளது. அந்த ஒரு சொல்லும் ஆங்கிலச் சொல்லாக இருத்தல் வேண்டுமென்றால், மக்களின் வாய் எங்கேதான் திறப்பது?

“சுருக்கம்தான் தமிழில் உள்ளதே, அது போதாதா?” என்பார் உளர். போதாது என்பதற்கு வழக்குகளே சான்று. கோவாவின் மோபா வானூர்தி நிலையத்துக்கு 2015-இல் இசைவு வழங்கப்பெற்றது. அதனை எதிர்த்தோரின் முறையீட்டைப் பசுமைத் தீர்ப்பாயம் 2018-இல் ஏற்கவில்லை. அவர்கள் சோர்ந்துவிடாது உச்ச அறமன்றத்துக்குச் சென்றனர். திட்டம் கொணர்வோர் நிரப்பிய முதற்படிவத்தில், அருகிலுள்ள காடுகளும் சூழலால் மென்மையான பகுதிகளும் உரியவாறு தெரிவிக்கப்பெறவில்லை என்பதை அம்மன்றம் கண்டது. 2019 மார்ச்சு 29-இல் இசைவை நிறுத்திவைத்தது. புதிதாய் ஆய்ந்த பின்னரே 2020 சனவரியில் அத்தடை நீக்கப்பெற்றது. அத்தவறு இருந்தது படிவத்தின் கட்டங்களுக்குள், சுருக்கத்தில் அன்று. படிவத்தைப் படிக்க முடிந்தவர்க்கே அது புலப்பட்டது.

தமிழ்நாட்டிலேயே சான்று வேண்டுமாயின், தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தை நோக்குக. அங்குள்ள மலையைக் குடைந்து நியூட்டிரினோ ஆய்வகம் அமைக்க 2011-இல் வழங்கப்பெற்ற இசைவு, தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் எதிர்க்கப்பெற்றது. மதிப்பீட்டைச் செய்த நிறுவனம் அதற்குரிய ஏற்பிசைவு பெற்றதன்று என்பதும், கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தும் திட்டம் அதற்குரிய வகையில் ஆராயப்பெறவில்லை என்பதும் அங்கு வெளிப்பட்டன. 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் அவ்விசைவைச் செயலற்றதாக்கிப் புதிதாய் வேண்டுமாறு பணித்தது. 2018-இல் தில்லி அமைச்சகம் மீண்டும் இசைவு வழங்கியபோது தீர்ப்பாயம் அதனை நீக்கவில்லை. ஆயினும் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலின்றிப் பணி தொடங்கலாகாது என்றது. ஒரு மலையின் ஊழ், நிறுவனத்தின் தகுதிச் சான்றிலும் சில கிலோமீட்டர்க் கணக்கிலும் தொங்கியது. அக்கணக்கை ஆங்கிலத்தில் தேடிக் கண்டவர்கள் இருந்தமையால் வழக்கு எழுந்தது. அத்தகையோர் வாய்க்காத ஊர்கள் எத்துணை? அவ்வூர்களின் மலைகள் என்னாவது?

இனி, 16-ஆம் பிரிவின் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முப்பது நாள் எந்நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றது? ஆணை பிறந்த நாளிலிருந்தன்று. ஆணை ‘தெரிவிக்கப்பெற்ற’ நாளிலிருந்து. ‘தெரிவித்தல்’ என்றால் என்ன? இவ்வினாவுக்குத் தீர்ப்பாயமே விடை கூறியுள்ளது. அருணாசலத்தின் தவாங்குப் பகுதியில், நியாம்சங் சூ ஆற்றின்மேல் 780 மெகாவாட்டு நீர்மின் திட்டம் ஒன்றுக்கு 2012 ஏப்பிரலில் இசைவு தரப்பெற்றது. மோன்பா மக்களின் அமைப்பு அதனை எதிர்த்தபோது, கெடு கடந்துவிட்டது எனும் தடை எழுப்பப்பெற்றது. 2013 மார்ச்சில் தீர்ப்பாயம் அத்தடையைத் தள்ளியது. ஆணை பிறந்த செய்தியை மட்டும் சொல்வது தெரிவித்தலாகாது. ஆணையும் அதன் கட்டுப்பாடுகளும் முழுமையாக, மக்கள் எடுத்துப் பார்க்கத்தக்க நிலையில் பொதுவில் வைக்கப்பெற்றால்தான் தெரிவித்தல் நிறைவுறும் எனும் கருத்தை அது நிலைநாட்டியது. வழக்கு உள்ளே சென்றது. 2016 ஏப்பிரலில் அவ்விசைவும் நிறுத்திவைக்கப்பெற்றது. அந்த ஆற்றங்கரைக்குப் பனிக்காலத்தில் வந்து தங்கும் கருங்கழுத்துக் கொக்குகளைப் பற்றிய புதிய ஆய்வும் பணிக்கப்பெற்றது. கெடுவெனும் சுவர் அன்று தாண்டப்பெறாதிருந்தால், அக்கொக்குகளின் பெயரும் அம்மன்றத்தின் செவிக்கு எட்டியிராது.

இத்தீர்ப்பின் நெறியை இன்னும் ஓரடி முன்னே எடுத்துச் செல்வதில் என்ன பிழை? பாதி ஆணையை வைத்தால் அது தெரிவித்தலன்று என்றால், படிக்கவே இயலாத மொழியில் முழு ஆணையை வைப்பது மட்டும் தெரிவித்தலாகுமா? செவிடன் முன் ஊதிய சங்கும், குருடன் முன் ஏற்றிய விளக்கும் தெரிவித்தலாகா. ‘தெரிவித்தல்’ என்பது ‘தெரிதல்’ என்பதன் பிறவினை. கேட்போனுக்குத் தெரிதல் நிகழாதபோது, தெரிவித்தல் எங்ஙனம் நிகழ்ந்ததாகும்? இலக்கணம் கற்ற சிறுவனும் கேட்கும் இவ்வினாவைச் சட்டம் கற்றோர் கேளாதிருப்பது வியப்பே! தமிழில் ஆணை வெளிவரும் நாளே தமிழனுக்கு முப்பது நாளின் முதல்நாள் ஆதல் வேண்டும்.

இக்கோரிக்கை புதிதன்று, இதற்கு ஒரு முன்னடையாளமும் உண்டு. 2006 அறிவிக்கையை மாற்றி எழுத 2020-இல் தில்லி அரசு ஒரு வரைவை வெளியிட்டது. மக்கள் கருத்துக் கூறுவதற்கான முப்பது நாளை இருபது நாளாகக் குறைக்கவும் அவ்வரைவு முனைந்தது. நாடு முழுவதையும் தொடும் அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. 2020 சூன் 30-இல், அதனை அரசமைப்பின் எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் அறமன்றம் ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? பெயர்த்துத் தந்ததா? இல்லை, ஆணையை எதிர்த்து உச்ச அறமன்றத்துக்கு ஓடியது! இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று ஆட்சிமொழிச் சட்டத்தைக் காட்டி வழக்காடியது. ஒரு வரைவை மொழிபெயர்க்கும் பணத்தினும், மொழிபெயர்க்க மறுக்கும் வழக்குக்குச் செலவிடும் பணம் அவர்களுக்கு இனிப்பாயிற்று! அவ்வாண்டு ஆகத்து 13-இல் அங்கும் அவர்கள் எண்ணியது கைகூடவில்லை. தில்லி உயர் அறமன்றத்திலேயே மறுஆய்வு கேட்டுக்கொள்ளுமாறு திருப்பி அனுப்பப்பெற்றனர். ஊர்ப்புற மக்களுக்கு இவ்விரு மொழியும் விளங்காமற் போகலாமே, சட்டத்தைத் திருத்த எண்ணலாகாதா என்று தலைமை நடுவரே அன்று வினவினார். அவ்வினா இன்றும் காற்றில் நிற்கின்றது.

“அரசமைப்பே ஆங்கிலத்தைத்தானே கூறுகின்றது?” என்று தடை கூறுவோர்க்கு விடை எளிது. 348-ஆம் பிரிவு ஆங்கிலத்தை மொழியாக வைத்தது உச்ச அறமன்றத்துக்கும் உயர் அறமன்றங்களுக்கும் ஆகும். பசுமைத் தீர்ப்பாயம் உச்ச அறமன்றமுமன்று, உயர் அறமன்றமுமன்று. அங்கு ஆங்கிலம் அரியணையேறியது, 2011-ஆம் ஆண்டில் தில்லி அரசு எழுதிய நடைமுறை விதிகளால்தான். அரசமைப்பைத் திருத்த வேண்டுவதில்லை. நாடாளுமன்றத்தில் மூன்றில் இருபங்கு கை உயர வேண்டுவதில்லை. விதியை எழுதிய எழுதுகோலே விதியை மாற்றிவிடும். அன்றியும், எவரும் தம் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எந்த அலுவலரிடத்தும் அதிகாரியிடத்தும் முறையிடலாம் என்று அதே அரசமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை வழங்கியுள்ளது. அலுவலனிடம் குறை கூறத் தமிழ் தகும். அலுவலனின் தவற்றைத் தீர்ப்பாயத்திடம் கூறத் தமிழ் தகாதா? இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் அறமன்றங்களிலேயே இந்தி வழங்க ஒப்புதல் தரப்பெற்றுள்ளது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்கு அவ்வுரிமை கேட்டது, மறுக்கப்பெற்றது. இந்திக்கு ஒரு முறை, தமிழுக்கு ஒரு முறை என்பதன் பெயர் முறையா?

“சென்னை அமர்வு தமிழர்க்கு மட்டுமா? கேரளரும் கன்னடரும் தெலுங்கரும் வருகின்றனரே!” என்பது அடுத்த தடை. வரட்டும். மலையாளி மலையாளத்திலும், கன்னடன் கன்னடத்திலும், தெலுங்கன் தெலுங்கிலும் பேசட்டும். தமிழுக்குக் கேட்பது தமிழுக்கு மட்டும் கேட்பதன்று. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், உடனுக்குடன் பெயர்த்துக் கேட்க ஏந்து செய்துள்ளனர். தன் நிலத்தை இழக்கும் குடிமகனுக்கு அவ்வேந்து மறுக்கப்பெறுவது ஏன்? “அறிவியற் செய்திகளைத் தமிழில் எழுத இயலாது” என்பது மூன்றாவது தடை. ‘மாசு’ என்ற சொல்லைத் தமிழன் யாரிடமும் கடன்பெறவில்லை. நீர்ப்பிடிப்பு, மண்ணரிப்பு, நிலத்தடிநீர், கழிமுகம், அலையாத்தி, சதுப்பு என்பன எந்த அகராதியிலிருந்து வந்தன? இவற்றைக் கண்ணால் கண்டும் காலால் மிதித்தும் வாழ்ந்தவன் வைத்த பெயர்கள் இவை. “செலவு மிகும்” என்பது நான்காவது. பல நூறு கோடி உருவாவில் ஆலை எழுப்புவோர்க்கு ஓர் அறிக்கையைத் தமிழாக்கும் செலவு, வேலிக் கம்பியின் செலவுக்கும் ஈடாகாது.

பெருங்கொடுமை யாதெனில், தீர்ப்பாயம் எந்நெறியைக் கொண்டு வழக்குத் தீர்க்கின்றதோ, அந்நெறியே தமிழ் மண்ணின் கண்ணீரால் வளர்ந்தது. மாசுபடுத்தியவனே ஈடுசெய்தல் வேண்டும், தீங்கு வருமுன்னரே காத்தல் வேண்டும் எனும் இரு நெறிகளையும் இச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு விதித்துள்ளது. இவை இந்நாட்டின் சட்டமே என்று உச்ச அறமன்றம் 1996 ஆகத்து 28-இல் அறுதியிட்டது எவ்வழக்கில்? வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையும் கிணறுகளும் விளைநிலமும் கெட்டதைச் சொன்ன வழக்கு அது. பாலாற்றுக் கிணற்று நீரின் உவர்ப்பு, நாடு முழுமைக்கும் ஒரு நெறியாயிற்று. அந்நீரைக் குடித்தவனின் மொழிக்கு மட்டும் அந்நெறி பேசும் மன்றத்தில் இடமில்லையாம்!

தில்லியை மட்டும் பழித்துத் தமிழர் தப்பித்துக் கொள்ளலாகாது. தமிழ்நாட்டுக்கென அமைந்த மாநில மதிப்பீட்டு ஆணையம் சென்னையில்தான் அமர்கின்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தமிழ்நாட்டு அரசினதே. அங்கே தமிழ்நாட்டின் ஆற்றைப் பற்றித் தமிழ்நாட்டு அலுவலர்க்குத் தமிழ்நாட்டு அறிஞர் எழுதும் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கின்றதே, இதனைத் தில்லியா வந்து எழுதியது? ஆணையத்தை அமைப்பது ஒன்றிய அரசு என்பது உண்மையே. ஆயினும், குறிப்பின் அருகே தமிழ்ப்படி ஒன்றை வைக்க எந்தச் சட்டம் தடுக்கின்றது? தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் பிறந்தது. அதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் அகவை நிறைந்தும், அது இன்னும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டிக் கோப்புக்குள் முழுதாய் நுழையவில்லை. பிறன் மறுத்த உரிமையைக் கேட்பதற்கு முன், தன் கையில் உள்ள உரிமையைச் செயற்படுத்தாதவன் ஏளனத்துக்கே உரியவன்.

ஆகவே, தமிழர் கேட்க வேண்டுவன நான்கு. முதலாவது, சுருக்கம் மட்டுமன்றி முழு மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக் கேட்புக்கு முப்பது நாள் முன்னரே தமிழில் வைக்கப்பெறுதல் வேண்டும். இரண்டாவது, இசைவாணையும் அதன் கட்டுப்பாடுகளும் தமிழில் வெளிவருதல் வேண்டும். மூன்றாவது, முறையீட்டுக் கெடு அத்தமிழ்ப்படி வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்பெறுதல் வேண்டும். நான்காவது, சென்னை அமர்வில் முறையீடும் வழக்குரையும் தமிழில் ஏற்கப்பெற்று, தீர்ப்பின் தமிழ்ப்படியும் தரப்பெறுதல் வேண்டும்.

இவை கிட்டும்வரை கைகட்டி நிற்பதும் அறிவுடைமையன்று. கேட்கும் உரிமை வேறு, ஓடும் கெடு வேறு. கெடு எவருக்காகவும் நில்லாது. கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தவுடன் ஊரார் கூடி, முழு அறிக்கையின் தமிழ்ப்படியைக் கேட்டு எழுத்து வழி வேண்டுகை கொடுத்து, கொடுத்தமைக்குச் சான்று பெற்று வைத்தல் வேண்டும். கூட்டத்தில் வாயால் சொல்வதை எழுத்தாலும் தமிழில் தருதல் வேண்டும். எழுதித் தந்தது மறையாது. இசைவு வழங்கப்பெற்ற செய்தியை நாளிதழில் கண்ட நாளையும், ஊராட்சி அலுவலகத்தில் ஆணைப்படி ஒட்டப்பெற்ற நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். பின்னர்க் கெடுவைப் பற்றிய வழக்கெழுந்தால், அக்குறிப்பே காக்கும் வாள். ஆங்கிலம் கற்ற தமிழிளைஞர், ஊருக்கு ஒருவரேனும், அறிக்கையைப் படித்து ஊரார்க்குத் தமிழில் சொல்லுதலைத் தம் கடனாகக் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலம் கற்றதன் பயன் ஆங்கிலேயன்போல் பேசுவதன்று; ஆங்கிலத்தில் ஒளித்து வைக்கப்பெற்றதை வெளிக்கொணர்வதே.

மொழியுரிமை என்பது பாட்டுக்கும் மேடைக்கும் உரிய அணிகலன் என்று எண்ணி நகைப்போர் உளர். அவர்கள் ஓர் உழவனின் அருகே சென்று நிற்கட்டும். தன் கிணற்றுக்கு அருகே எந்த நஞ்சு, எவ்வளவு, எத்துணை ஆண்டு கொட்டப்பெறும் என்று எழுதிய தாள் அவன் கையில் இருக்கின்றது. அதில் ஓரெழுத்தும் அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது நாள் கழிந்துவிட்டது. தமிழ் அவனுக்கு அணிகலனா, உயிர்நீரா என்பதை அன்று அவனிடம் கேட்கட்டும்.

மண் தமிழனுடையது. மண்ணைப் பற்றிய ஆணையும் அவன் மொழியில் இருத்தல் வேண்டும். அஃது இல்லாதவரை, முப்பது நாள் என்ன, முந்நூறு நாள் கொடுத்தாலும் அது கொடுத்ததாகாது, பறித்ததே ஆகும்!